முள்ளெலியின் விலாசம்

1936-ம் வருஷம் நவம்பர் மாதம் 22-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஏழு ஆகிப் பதினெட்டு நிமிஷம். முந்தின இரவு பிடித்த தூறல் ஆறேகாலுக்கு விட்டிருந்தது. வானம் மூட்டம். காற்று வடகிழக்கிலிருந்து, தோள் துண்டை அசைக்கும் அளவுக்கு மட்டும்.

இடத்தை மட்டும் எழுதப் போவதில்லை.

முப்பத்தொரு வருஷம் சர்வே இலாகாவில் சங்கிலி போட்டு நிலம் அளந்தவன் நான். இடம் குறிக்காத கணக்கு கணக்கே இல்லை என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களை எத்தனையோ முறை வைதிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இன்று இடத்தை மறைக்கிறேன் என்றால், வயிற்றெரிச்சல் இல்லாமலா மறைப்பேன்? மேலூர் பஸ்ஸில் ஏறி, வழியில் ஓரிடத்தில் இறங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என் பேனாவிலிருந்து ஒரு தப்படி கூட வராது.

அங்கே எனக்கு மூன்றரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. செம்மண். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். கடலை பிடுங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆகவே நிலத்தில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

ஆனால் ஆட்கள் இருந்தார்கள்.

எண்ணினேன். பதினோரு ஆண்கள். நான்கு ஓலைப் பெட்டி, மூன்று சாக்கு, ஒரு மண்வெட்டி. எல்லோரும் குனிந்திருந்தார்கள். இருவர் வேலியோரத்துக் கற்றாழையைக் கம்பால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பனைக்குப் பக்கத்தில் நான் அடுக்கி வைத்திருந்த கற்குவியல் நாலாபுறமும் சிதறிக் கிடந்தது. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வடமேற்கு மூலையில் எல்லைக் கல்லையே புரட்டிப் போட்டிருந்தார்கள். எல்லைக் கல்லை! என் கையால் அளந்து நட்ட கல்லை!

நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைச்சாமி பனையடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எனக்கு நேர்மாறு, எதற்கும் பதற மாட்டார்.

"யார் இவர்கள்?" என்றேன்.

"நீங்க வரச் சொன்ன ஆளுகதான்."

"நானா?"

"பேப்பர்ல போட்டு வரச் சொல்லிருக்கீகளாம்ல. இன்னும் எம்புட்டுப் பேரு வருவாகன்னு கேட்டேன். அது ஐயாவுக்குத்தான் தெரியும்னுட்டாக."

அதற்குள் அந்தப் பதினோரு பேரில் ஒருவன் என்னிடம் வந்தான். வெங்காயத் தோல் ஒட்டிய சட்டை. முப்பது வயதுக்குள். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, நான்காக மடித்திருந்ததை மெதுவாகப் பிரித்தான். என் பத்தி! இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், அதற்கு மூன்று வாரம் முன்னால் வந்த என் பத்தி. சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

எதன் கீழே கோடு போட்டிருந்தது தெரியுமா?

நான் அந்த வாரம் எழுதியது, காட்டுப் பிராணிகள் தங்களைத் தின்ன வருகிறவற்றிடமிருந்து எப்படித் தப்புகின்றன என்பதைப் பற்றி. எல்லாம் என் கண்ணால் பார்த்தது. அரணை வாலை விட்டுவிட்டு ஓடுவது... துடிக்கும் வாலைப் பூனை பிடித்துக்கொண்டு நிற்க, அரணை கல்லிடுக்கில் போய் மூச்சு வாங்குவது. ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டையிட்டுவிட்டு, யாராவது நெருங்கினால் சிறகு ஒடிந்ததுபோல இழுத்து இழுத்து வேறு பக்கம் நடப்பது. அந்தக் குருவி என்னையே ஏமாற்றியது. பாவம், அடிபட்டிருக்கிறதே என்று அதன் பின்னால் அறுபத்துநான்கு தப்படி போனேன். அறுபத்தைந்தாவதில் அது ஜம்மென்று பறந்துபோயிற்று. வரப்பில் நின்று வெள்ளைச்சாமி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கும் மேலே நான் மெச்சி எழுதியது முள்ளெலியை. ஒரு தேங்காய் அளவு கூட இல்லாத பிராணி. வெள்ளைச்சாமியின் நாய் ஒரு நாள் சாயங்காலம் அதைக் கற்குவியலில் கண்டுபிடித்தது. முள்ளெலி ஓடவில்லை. கடிக்கவில்லை. தலையையும் காலையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது. வெளியே முள் தவிர வேறொன்றும் இல்லை. நாய் ஒன்பது தடவை வாய் வைத்தது. ஒன்பது தடவையும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு பின்வாங்கியது. இருபத்துமூன்று நிமிஷம் கழித்து, மூக்கில் ரத்தத்தோடு, வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு விரற்கடை இடத்தில் எத்தனை முள் என்று கூட எண்ணி எழுதியிருந்தேன். முப்பத்தேழு.

இதிலெல்லாம் ஒரு எழுத்தின் கீழும் சிவப்புக் கோடு இல்லை.

கோடு இருந்தது இதன் கீழே: 'இன்ன மைல் கல்லிலிருந்து தெற்கே நூற்று நாற்பத்திரண்டு தப்படி; கற்றாழை வேலிக்கு உட்புறம்; மூன்றாவது பனைக்குக் கிழக்கே ஒன்பது அடியில் உள்ள கற்குவியல்.'

நான் எழுதியது பிராணியின் சாமர்த்தியத்தை. அவர்கள் படித்தது அதன் விலாசத்தை.

ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினேனே, அதைத்தான் சொல்கிறேன். குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தால் முள்ளெலியைப் பிடித்து, முள்ளும் தோலுமாகக் கருக்கி, அந்தக் கரியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது நம் ஊர்ப் பக்கத்து வழக்கம். போன ஐப்பசி பிறந்ததிலிருந்து ஊரெங்கும் கக்குவான். பதினோரு பேரும் அதற்குத்தான் வந்திருந்தார்கள். வில்லாபுரத்திலிருந்து இருவர் விடியுமுன்னே நடந்து வந்திருந்தார்கள். மதுரையைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து, அதற்கு மேலும் இத்தனை மைல்!

கோபம் வந்தது. வந்தது என்றால், சாதாரணமாக அல்ல. நிலத்தின் நடுவில் நின்றுகொண்டு சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று சுருக்கமாக இங்கே எழுதுகிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எந்தப் பிராணியும் மனிதனை எண்ணித் தன் காப்பைச் செய்துகொள்ளவில்லை. நாயை எண்ணிச் செய்தது, நரியை எண்ணிச் செய்தது, கழுகை எண்ணிச் செய்தது. அதெல்லாம் நியாயமான சண்டை. பல்லுக்கு முள், நகத்துக்கு ஓடு. நம்மவன் என்ன செய்கிறான்? முள்ளெலி சுருண்டால், 'நல்லதாகப் போயிற்று, ஓடாது' என்று துண்டில் அள்ளுகிறான். ஆள்காட்டி கூப்பாடு போட்டால், 'ஓ, முட்டை இங்கேதான் இருக்கிறது' என்று குனிகிறான். அழுங்கு தன் செதிலெல்லாம் விறைத்துச் சக்கரம்போலச் சுருண்டால் சிறுத்தையே புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்; நம்மவன் அந்தச் சக்கரத்தை அப்படியே கூடையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறான். உயிர் பிழைக்க அது கற்ற ஒரே வித்தை எதுவோ, அதுவே நமக்குக் கைப்பிடி. இது என்ன வீரம்? இது என்ன வைத்தியம்?

இப்படிக் கத்தினேன். கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர், "ஐயா எழுதுறதும் இப்படித்தான் இருக்கும்ணே" என்று பக்கத்து ஆளிடம் மெச்சிக்கொண்டார். கத்தி என்ன பயன்? ஆனாலும் கற்குவியலில் எலி இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது. மூன்று வாரத்தில் அது வேறு இடம் போயிருந்தது. விலாசம் கொடுத்த என்னைவிட அதற்குப் புத்தி அதிகம். ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள்.

எண்ணினேன். பத்துப் பேர்.

போகாமல் நின்றவன் அந்த வெங்காயத் தோல் சட்டைக்காரன். பெயர் சங்கரலிங்கம். சிம்மக்கல்லில் மொத்த வெங்காயக் கடை ஒன்றில் எடை போடுகிற வேலை. கிணற்று மேட்டில் அவன் மனைவி உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மடியில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. ஈரக் காற்று படாமல் முந்தானையால் மூடி வைத்திருந்தாள். மருந்து கிடைத்ததும் அங்கேயே கருக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நான் அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே குழந்தைக்கு இருமல் வந்தது.

நீங்கள் கக்குவானைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சு உள்ளே போகவே இடம் கொடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருமல். நான் எதையும் எண்ணுகிறவன் அல்லவா? இதையும் எண்ணினேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது... முகம் நீலம் பாய்ந்தது. கண் பிதுங்கியது. பத்தொன்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கடைசியில் ஒரு கூவல்போல இழுத்து மூச்சு உள்ளே போயிற்று. காலையில் குடித்த கஞ்சியெல்லாம் தாயின் மடியில் வந்தது. அவள் துடைத்தாள். துடைத்துப் பழகிய கை.

சங்கரலிங்கத்தைத் தனியே கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டேன். போயிருக்கிறான். டாக்டர் மிக்ஸ்சர் கொடுத்திருக்கிறார். நாளாகும் என்றும் சொல்லியிருக்கிறார். நான்கு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பாட்டிலை மூலையில் வைத்துவிட்டார்கள். முள்ளெலிக் கரியில் ஒரு சத்தும் இல்லை, கரி கரிதான், அடுப்புக் கரிக்கும் அதற்கும் பேதமில்லை என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு அந்தக் காகிதத்தை மறுபடி பிரித்தான்.

"ஐயா, நான் இதுக்கு முந்தி இதையெல்லாம் நம்புனவன் இல்ல. எங்கம்மா சொன்னப்பக்கூட வேணாம்னுதான் சொன்னேன். நீங்க எழுதுனதப் படிச்ச பெறகுதான் நம்பிக்கையே வந்துச்சு. நாயி இருபத்துமூணு நிமிசம் கடிச்சும் ஒன்னும் ஆகலன்னு எழுதிருக்கீக. அம்புட்டு வலு அந்த முள்ளுக்கு. அது உள்ள போனா எம்புள்ளைக்கி வலு வராதா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் இடத்தைக் காட்டிக் கொடுத்தது மட்டும் அல்ல. அதற்கு விளம்பரமும் எழுதியிருக்கிறேன். நம்பாதவனையும் நம்ப வைத்தது என் ஒன்பது கடியும் இருபத்துமூன்று நிமிஷமும்!

என் கோபம் அப்போதுதான் யார் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் நிதானமாகத் திட்டிக்கொள்ளக் கூட நேரம் கிடைக்கவில்லை. நாய் குரைத்தது.

அதே நாய். வடமேற்கு மூலையில், புரட்டிப் போட்ட எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், கற்றாழைத் தூருக்கு நேரே நின்றுகொண்டு குரைத்தது. கிட்டே போகவில்லை. ஒன்பது தடவை பட்டது அதற்கு நினைவிருந்தது. மூன்றடி தள்ளி நின்று, மூக்கை மட்டும் அந்தப் பக்கம் நீட்டிக் கூப்பிட்டது. நாய்க்கு அனுபவம் வந்ததும் முள்ளெலிக்குத்தான் கேடு.

சங்கரலிங்கம் ஓடினான். நான் போய்ச் சேருவதற்குள் தோள் துண்டை நான்காக மடித்து, குனிந்து, அள்ளிவிட்டான். எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மூன்று விநாடி. நாய்க்கு இருபத்துமூன்று நிமிஷத்தில் முடியாதது.

துண்டின் நடுவில் பந்து. அதன் ஒரு பக்கம் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு. அது சரியாகத்தான் செய்திருந்தது. அதன் பாட்டனும் பூட்டனும் எதைச் செய்து தப்பினவோ அதை ஒரு பிசகு இல்லாமல் செய்து, முழு நம்பிக்கையோடு சுருண்டு கிடந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வெள்ளைச்சாமியண்ணே, ஒரு கத்தியும் சுள்ளியும் வேணும்" என்றான் சங்கரலிங்கம்.

வெள்ளைச்சாமி என்னைப் பார்த்தார். அந்தத் தாயும் கிணற்று மேட்டிலிருந்து என்னைப் பார்த்தாள். என் நிலம், வேண்டாம் என்று பிடுங்கி விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அடுத்த வாரம் வேறெங்காவது விலைக்கு வாங்கியிருப்பான். மிக்ஸ்சர் பாட்டில் மூலையிலேயே இருந்திருக்கும்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது இது: "கொஞ்சம் பொறு. முள்ளை எண்ண வேண்டும்."

அவன் மரியாதையாகத் துண்டை நீட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, விரலால் தொடாமல் எண்ணுகிறவன்போல உதட்டை அசைத்தேன். எழுபது வயதுக்கு ஐந்து குறைவு எனக்கு. இலாகாவில் ஒரு இணுக்கு நிலத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அப்படிப்பட்டவன் நிமிர்ந்து சொன்னேன்:

"இது பொட்டை. முள் இரட்டை வரிசை. மருந்துக்கு ஆவது ஒற்றை வரிசை உள்ள ஆண் மட்டும்தான். இதைக் கருக்கிக் கொடுத்தால் இருமல் இறங்காது, ஏறும்."

வரிசையாவது ஒன்றாவது! முள்ளெலிக்கு முதுகெல்லாம் முள். ஆண் எது, பெண் எது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் எண்ணிவிட்டுச் சொன்னவன் நான். முப்பத்தேழு என்று அச்சில் போட்டவன். சங்கரலிங்கத்தின் முகம் வெளுத்தது. துண்டைச் சட்டென்று தரையில் வைத்துவிட்டான், சுட்டதுபோல.

மேலூரில் எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார், போன வருஷம் பிடித்த ஆணின் கரியைப் பதம் செய்து வைத்திருக்கிறார், வா என்றேன். வாயில் பொய் ஒன்று வந்துவிட்டால் அடுத்ததற்குச் சிரமமே இல்லை. அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மூவரும் என் பின்னால் ரோட்டுக்கு வந்தார்கள். வெள்ளைச்சாமி வேலி வரை கூட வந்தார்.

"ஆள்காட்டி பின்னாடி அன்னைக்கி நீங்க போன மாதிரியே வாராக" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

திரும்பிப் பார்த்தேன். துண்டு தரையில் அப்படியே கிடந்தது. அதன் மேல் பந்து இல்லை.

மேலூரில் வைத்தியரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு திப்பிலிப் பொடியில் இருபத்தொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், தேனில் குழைத்துக் கொடுக்க. நிறம் கேட்கக் கூடாது என்று நானே ஒரு நிபந்தனை போட்டேன். இன்னொரு நிபந்தனை: டாக்டர் மிக்ஸ்சரும் கூடவே போக வேண்டும், ஒரு வேளை விடாமல், இல்லாவிட்டால் கரி வேலை செய்யாது. மூன்றாவது: இருமி வாந்தி எடுத்ததும் கொஞ்சம் பொறுத்து மறுபடி கஞ்சி. எடுத்தது போகட்டும் என்று பட்டினி போடக் கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். மூன்று நாளைக்கு ஒரு தரம் சிம்மக்கல்லில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, இன்று எத்தனை தடவை வந்தது என்று கேட்பேன். அந்த அம்மாள் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருப்பாள். நான் சொல்லிக் கொடுத்தது. முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு கோடு. இரண்டாவது வாரம் இருபத்துநான்கு. ஏறிவிட்டது! அன்று வீடு திரும்பியபோது எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று எனக்குத் தெரியாது. அன்றுவரை என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் நடந்த தூரம் அது ஒன்றுதான்.

கார்த்திகைக் கடைசியில் அதே சந்தில் வேறொரு வீட்டில் ஒரு குழந்தை இதே இருமலில் போய்விட்டது. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த இரண்டு தரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கரி என்று நம்பித் திப்பிலியைக் கொடுத்துக்கொண்டிருக்கிற தகப்பனின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கரியில் சத்து இல்லை என்பது எனக்கு நிச்சயம். ஆனால் நான் பொய் சொன்னதும் நிச்சயம்தானே? சங்கரலிங்கத்தின் குழந்தைக்கு ஒன்று ஆகியிருந்தால், எந்த நிச்சயத்தை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பேன்?

நான்காவது வாரம் பதினாறு. ஐந்தில் பதினொன்று. ஆறில் நான்கு. பொங்கலுக்கு முந்தின நாள் சுவரில் கோடே இல்லை, வெள்ளையடித்திருந்தார்கள். குழந்தை வாசலில் உட்கார்ந்து வெங்காயத் தோலை ஊதிப் பறக்க விட்டுக்கொண்டிருந்தது. அதன் மூச்சு எத்தனை நேரம் நீடிக்கிறது என்று பார்த்தேன். நன்றாகவே நீடித்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்கவே மாட்டேன். வாயை மூடிக்கொண்டு, நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை சங்கரலிங்கம் என் வீட்டுக்கு வந்தான். தோளில் சிறு சாக்கு. உள்ளே சின்ன வெங்காயம், ஐந்து வீசை. பின்னால் முன்பின் அறியாத இருவர். ஒவ்வொருவர் கையிலும் ஓலைப் பெட்டி. பெட்டிகள் லேசாக அசைந்தன.

"ஐயா ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டா நிம்மதி" என்றான் சங்கரலிங்கம், முகமெல்லாம் சிரிப்பாக. "ஒத்தை வரிசையா, ரெட்டை வரிசையான்னு எங்களுக்குப் பிடிபடல. நம்ம புள்ளை பொழச்சதக் கேட்டுட்டு எங்க பக்கத்துல அம்புட்டுப் பேரும் இப்ப ஆண்தான் தேடுறாக. ஆணுன்னா தனி வெலைன்னு விக்கிறவனும் சொல்ல ஆரம்பிச்சுட்டான்."

கேட்டீர்களா? ஒரு பிராணியைக் காப்பாற்ற நான் சொன்ன பொய், இப்போது ஊரில் உள்ள அத்தனை முள்ளெலிக்கும் தர முத்திரை ஆகிவிட்டது! முன்னாளில் தேடாமல் கிடைத்ததைப் பிடித்தார்கள். இப்போது பிடித்து, புரட்டி, எண்ணி, பொட்டை என்று தோன்றினால் இன்னொன்றைப் பிடிக்கிறார்கள். சிறகு ஒடிந்ததுபோல நடித்த குருவி, வேட்டைக்காரனை நேரே அடுத்த கூட்டுக்குக் கொண்டுபோய் விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நான்.

சொல்லிவிட்டேன். அந்த இருவர் முன்னாலேயே சொன்னேன். வரிசை என்று ஒன்று இல்லை. ஆண் பெண் எனக்குத் தெரியாது. உன் குழந்தை தின்றது திப்பிலி. அது பிழைத்தது உன் மனைவி நாற்பத்தொன்பது நாள் கண் விழித்துக் கஞ்சி கொடுத்ததால்; டாக்டர் சொன்னதுபோல நாளானதால். முள்ளெலிக்கு அதில் ஒரு முள்ளளவும் பங்கில்லை.

சங்கரலிங்கத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சங் கொஞ்சமாகப் போயிற்று.

"கரி குடுக்கலையா நீங்க?"

"இல்லை."

"எம்புள்ள செத்துருந்தா?"

அவன் கேட்ட கேள்வியை ஏழு வாரமாக நானே தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்றான். திரும்பி வந்து, சாக்கை இறக்கி வைத்தான்.

"இது புள்ளைக்கி நல்லானதுக்கு. உங்களுக்கில்ல" என்றான்.

போய்விட்டான். பெட்டிக்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பெட்டியை என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் நான் சொன்னதை நம்பாமல், என் தலையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டில் ஒன்று. என் உண்மைக்குக் கிடைத்த விலை அவ்வளவுதான்.

ஆகையால் இந்த வாரம் இதைத் தவிர வேறெதுவும் எழுத மனமில்லை. சிவப்புப் பென்சில் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட வேண்டிய வரி இதுதான்: முள்ளெலியில் இரட்டை வரிசையும் இல்லை, ஒற்றை வரிசையும் இல்லை, மருந்தும் இல்லை. கக்குவான் வந்த குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி எடுத்தாலும் கஞ்சியை விடாதீர்கள். மீதியை நாள் பார்த்துக்கொள்ளும், பார்க்காமலும் போகும். அது பயங்கரமான விஷயம்தான். அதற்குத் துண்டில் சுருண்டு கிடக்கிற ஒரு ஜீவன் என்ன செய்யும்?

வாசலில் விட்டுப் போன பெட்டியை அன்று மாலையே கொண்டுபோய் ஒரு வேலியோரம் கவிழ்த்தேன். எந்த வேலி என்று கேட்காதீர்கள். எத்தனை தப்படி என்று நான் எண்ணவில்லை. வேண்டுமென்றேதான் எண்ணவில்லை. என் நிலத்து முள்ளெலி எங்கே என்று வெள்ளைச்சாமியிடம் கேட்டேன்.

"ஐயா பேனா எடுத்துக்கிட்டு வர்ற எடத்துல அது எப்படி இருக்கும்?" என்றார்.

முள்ளெலியின் முதல் காப்பு முள் அல்ல. யார் கண்ணிலும் படாமல் இருப்பது. முள் இரண்டாவதுதான். அந்த முதல் காப்பை நாய் உடைக்கவில்லை, நரி உடைக்கவில்லை. தப்படி எண்ணத் தெரிந்த ஒரு கிழவன் உடைத்தான்.

நாய்க்கு அந்த முள்ளெலியோடு போனது இருபத்துமூன்று நிமிஷம். எனக்கு, பஸ், மிக்ஸ்சர், தேன், திப்பிலி, எல்லைக் கல்லை மறுபடி அளந்து நட்ட கூலி எல்லாம் சேர்த்து, பதினோரு ரூபாய் ஆறணா மூன்று பை.